வேகாத விதை

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் வாங் என்றொரு கிராமம். 1930-களில் தொடங்கிப் பத்து ஆண்டுக் காலம் அந்த ஊரில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. வெளியூரிலிருந்து மருமகள்கள் வந்தார்கள். எந்த வீட்டிலும் தொட்டில் கட்டவில்லை.

ஒரு வீட்டில் பிள்ளை இல்லையென்றால் அந்த வீட்டு மருமகளைப் பேசுவார்கள். ஊருக்கே பிள்ளை இல்லையென்றால் யாரைப் பேசுவது? சீன மருத்துவர் ஒருவர் 1957-இல் ஷாங்காய் மருத்துவ இதழ் ஒன்றில் இதற்குப் பதில் எழுதினார். அவர் கவனம் போனது அடுப்படிக்கு. அதுவரை சோயா எண்ணெயில் சமைத்துக்கொண்டிருந்த ஊர், அந்தப் பத்தாண்டுகளில் பருத்திக்கொட்டை எண்ணெய்க்கு மாறியிருந்தது. சுத்திகரிக்காத, பிழிந்தது பிழிந்தபடியே வந்த கறுத்த எண்ணெய். ஆண்களின் விந்தணுவை அந்த எண்ணெய்தான் கெடுத்திருக்க வேண்டும் என்றும், அப்படியானால் அதையே கருத்தடைக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றும் அவர் எழுதினார். அந்தக் கட்டுரையை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாவர உணவு ஆண்மையைக் குறைக்குமா என்று கேட்டால் இன்று எல்லோரும் சோயாவைத்தான் சொல்வார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற இளைஞர்கள் மீல்மேக்கரைக் கண்டால் தட்டை நகர்த்தி வைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கொஞ்சம்தான். 2008-இல் அமெரிக்காவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 99 ஆண்களிடம் நடந்த ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு விந்தணு அடர்த்தி குறைவாக இருந்தது. 2021-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண் ஹார்மோனைச் சோயா அசைக்கவில்லை என்று தெரிந்தது. தினமும் லிட்டர் கணக்கில் சோயாப் பால் குடித்து மார்பு வீங்கியவர் பற்றிய மருத்துவக் குறிப்பு ஒன்று உண்டு. குடிப்பதை நிறுத்தியதும் அவருக்குச் சரியாகிவிட்டது. சோயாவின் கதை இவ்வளவுதான்.

பருத்திக்கொட்டையின் கதை அப்படி முடிவதல்ல. உண்ணும் பொருள் ஒன்று ஆணின் இனப்பெருக்கத் திறனை நேரடியாக நிறுத்திவிடும் என்று மனிதர்களிடமே, ஆயிரக்கணக்கான பேரிடம், நிரூபணமான கதை அது. அதைவிட முக்கியம், பின்னாளில் இதே எண்ணெயால் நோயில் விழுந்த சீன ஊர்களில் தப்பு எங்கே நடந்தது என்பது. பருத்திக்கொட்டையை அந்த ஊர்க்காரர்கள் புதிதாக ஒன்றும் உண்ணத் தொடங்கவில்லை. விதைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த ஒரு வேலையை விட்டுவிட்டார்கள்.

உடம்பு எரிந்த ஊர்கள்

பழைய முறையில் எண்ணெய் எடுக்கிறவர்கள் கொட்டையை உடைத்து, ஆவியில் வேகவைத்தோ வறுத்தோ, அந்தச் சூட்டோடு பிழிவார்கள். 1950-களின் பிற்பகுதியில் சீனக் கிராமங்களுக்குப் புது வகைப் பிழி இயந்திரங்கள் வந்தன. வேகவைக்கத் தேவையில்லை, விறகு மிச்சம், நேரம் மிச்சம். பச்சைக் கொட்டையைப் போட்டால் மறுபக்கம் எண்ணெய் வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் ஹெபெய், ஹூபெய் போன்ற பருத்தி விளையும் மாகாணங்களில் விசித்திரமான நோய் ஒன்று பரவியது. முகமும் கையும் தீப்பட்டதுபோல எரியும். வியர்வை வராது. வெயிலில் நின்றால் தாங்காது. நிழலையும் தண்ணீரையும் தேடி ஓடுவார்கள். உடம்பு அசந்துபோகும். சிலருக்குக் கைகால் விழுந்துவிடும். ஊர்க்காரர்கள் அதை எரிகாய்ச்சல் என்றே அழைத்தார்கள். விசாரிக்கப்போன மருத்துவக் குழுக்களுக்கு இன்னொரு செய்தியும் கிடைத்தது. நோய் கண்ட வீடுகளில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றிருந்தது; ஆண்களின் விந்தைச் சோதித்தால் உயிரணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை.

எண்ணெயை நிறுத்தியதும் எரிச்சல் போனது. பெண்களில் பெரும்பாலானோருக்கு மாதவிலக்கு திரும்பியது. கொஞ்ச காலமே அந்த எண்ணெயைச் சாப்பிட்டிருந்த ஆண்களுக்கு விந்தணு மீண்டது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களில் பலருக்கு மீளவே இல்லை.

குற்றவாளியின் பெயர் காசிபோல். பருத்தியின் தாவரவியல் பெயரான காசிப்பியத்திலிருந்து வந்த சொல். பருத்தி இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரியும். தண்டிலும் அவை உண்டு. விதையைக் குறுக்கே வெட்டினால் வெள்ளைப் பருப்பில் மிளகுத்தூள் தூவியதுபோல இருக்கும். அந்தப் புள்ளிகள் சுரப்பிகள். அவற்றுக்குள் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள்தான் காசிபோல். தன்னைத் தின்ன வருகிற புழு பூச்சிகளுக்குச் செடி வைத்திருக்கும் விஷம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். மனித விந்தணுவை அது என்ன செய்யும் என்று தெரிய இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

அது செய்கிற வேலை மிகத் துல்லியமானது. விந்தணுவுக்கு ஒரு தலை, ஒரு வால். இரண்டுக்கும் நடுவே, வாலை அடித்து நீந்துவதற்கான சக்தியைத் தருகிற மைட்டோகாண்ட்ரியா உறைபோலச் சுற்றியிருக்கும். காசிபோல் அந்த உறையில் ஓட்டை போடுகிறது. விந்தணு வகை உயிரணுக்களுக்கே உரிய, சக்தி தயாரிக்க உதவும் ஒரு நொதியையும் முடக்குகிறது. முதலில் விந்தணு நீந்தமுடியாமல் போகிறது. பிறகு உற்பத்தியே குறைகிறது. ஆனால் ஆண் ஹார்மோன் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆசை குறையாது, குரல் மாறாது, தாம்பத்தியத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆளுக்கு எந்தச் சந்தேகமும் வராது. வாங் கிராமத்து ஆண்களுக்குத் தங்களிடம்தான் குறை என்று கடைசிவரை தோன்றாமல் போனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும்.

எட்டாயிரம் ஆண்கள்

ஆசை குறையாமல் கரு மட்டும் தங்காமல் செய்யும் மாத்திரை! மக்கள்தொகை பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? கருத்தடையின் மூலப்பொருள் காசிபோல்தான் என்று 1970-களின் தொடக்கத்தில் உறுதியானது. 1972-இல் மனிதச் சோதனை தொடங்கியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீன ஆண்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஆணுக்கான கருத்தடை மாத்திரை எதுவும் உலகில் அதற்கு முன் இத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டதில்லை.

தினம் 20 மில்லிகிராம், இரண்டு இரண்டரை மாதங்களுக்கு. மனித உடலில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதனால் அந்தக் கணக்கு. விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு நாற்பது லட்சத்துக்குக் கீழே இறங்கியதும் மருந்தைக் குறைத்து, வாரத்துக்கோ மாதத்துக்கோ சில முறை மட்டும் கொடுத்தார்கள். 1978-இல் முடிவை உலகுக்கு அறிவித்தபோது வெற்றி 99 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். மேலைநாட்டு ஆய்வுக்கூடங்கள் வரிசையில் வந்து நின்றன.

பிறகு மெதுவாக மற்ற செய்திகள் வெளியே வந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று அறிக்கை சொன்னது. எட்டாயிரம் பேரில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றால் பல பத்துக் குடும்பங்கள். காலையில் எழுந்து கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கால் துவண்டுபோன ஆண்கள் அவர்கள். எரிகாய்ச்சல் கண்ட ஊர்களில் கைகால் விழுந்ததும் இதே காரணத்தால்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது இன்னும் கசப்பானது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பத்தில் ஒருவருக்காவது விந்தணு திரும்பவில்லை. எத்தனை காலம் சாப்பிட்டார்கள், மொத்தம் எவ்வளவு உள்ளே போனது என்பதைப் பொறுத்து அந்த எண்ணிக்கை ஏறியது. பிள்ளைப் பேற்றைத் தள்ளிப்போட நினைத்தவருக்கு அது நிரந்தரமாகவே போய்விட்டால் அதைக் கருத்தடை என்று எப்படிச் சொல்வது? 1980-களின் நடுவில் சீனா பின்வாங்கியது. 1998-இல் சர்வதேச நிபுணர் குழு, இந்தப் பாதையைக் கைவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. அளவைக் குறைத்துக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. பிரேசில், நைஜீரியா, கென்யா, சீனா ஆகிய நாடுகளில் 151 ஆண்களிடம் அப்படி ஒரு சோதனை நடந்து 2000-இல் முடிவும் வெளியானது. பொட்டாசியம் இறங்கவில்லை என்றார்கள். மாத்திரை மட்டும் கடைக்கு வரவில்லை.

மாடு தாங்கும், பொலிகாளை?

பருத்திக்கொட்டை இத்தனை கெடுதல் என்றால் மாட்டுக்கு ஏன் ஆட்டிக் கொடுக்கிறார்கள் என்று கிராமத்து வாசகர் கேட்பார். சரியான கேள்வி. மாடு அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களின் வேலையால் காசிபோல் புரதத்தோடு கட்டுப்பட்டு, உடம்பில் ஏறாமல் சாணத்தோடு போய்விடுகிறது. அதனால்தான் ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையைத் தின்ற கறவை மாடு கெட்டியாகப் பால் கறக்கிறது. இரைப்பை முதிராத இளங்கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பன்றிக்கும் கோழிக்கும் கிடையாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு அதிகம் தின்ற கோழியின் முட்டையைச் சில வாரம் குளிரில் வைத்து உடைத்தால் மஞ்சள் கரு பாசிப் பச்சையாக இருக்கும். காசிபோல் முட்டைவரை போய்ச் சேர்ந்ததற்குக் கண்கண்ட சாட்சி.

மாட்டின் தாங்கும் சக்திக்கும் எல்லை உண்டு. தீவனத்தில் பருத்திக்கொட்டை மிஞ்சினால் பொலிகாளைகளின் விந்தணுவிலும், மனிதர்களிடம் பார்த்த அதே நடுப்பகுதிச் சேதம் ஏற்படுவதை அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். கறவைக்கு அள்ளிப் போடுகிற கையால் பொலிகாளைக்கும் அள்ளிப் போடக் கூடாது என்று அங்கே பண்ணைக்காரர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

பருத்தியின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று நம் தெருக்களிலேயே நிற்கிறது: பூவரசு. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் அதே மரம். அதிலும் காசிபோல் இருக்கிறது. ஆனால் காசிபோலுக்கு வலக்கை, இடக்கைபோல இரண்டு வடிவங்கள் உண்டு. விந்தணுவைத் தாக்குவது ஒரு வடிவம்தான். பூவரசில் பெரும்பாலும் இருப்பது தாக்காத வடிவம். பருத்தியில் இரண்டும் கலந்திருக்கும். எகிப்துப் பருத்தி எனப்படும் நீள் இழை ரகத்தில் தாக்கும் வடிவமே கூடுதல்.

நெருப்பு செய்கிற வேலை

காசிபோலை அடக்க வழி உண்டு என்பதுதான் இந்தக் கதையின் மறுபாதி. ஈரச்சூடு பட்டால் காசிபோல், விதையிலுள்ள புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டுப்பட்ட காசிபோலைக் குடல் எளிதில் உறிஞ்சாது. கொஞ்சம் லைசின் நஷ்டம். ஆனால் விஷம் அடங்குகிறது. சீனத்துப் பழைய எண்ணெய்க்காரர்களுக்கு லைசினும் தெரியாது, காசிபோலும் தெரியாது. வேகவைத்துப் பிழி என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள், வேகவைத்தார்கள். விறகை மிச்சம் பிடித்த புதுமைக்கும் அது தெரியாது. அதனால் அந்த வேலை வீண்வேலை என்று தோன்றியது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. பஞ்சைக் கடைந்த பிறகு குவிந்துகிடந்த விதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றில் கொட்டினார்கள், வயலில் எருவாகப் போட்டார்கள். ஒரு கிலோ பஞ்சுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் விதை கிடைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அந்தச் செம்பழுப்பு எண்ணெயில் காரத்தைக் கலந்தால் காசிபோல் சோப்புக் கசடோடு பிரிந்து அடியில் தங்கிவிடும். பிறகு நிறம் எடுத்து, மணமும் எடுத்தால் தெளிந்த எண்ணெய். இந்த முறை கைவந்த பிறகுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பருத்திக்கொட்டை எண்ணெய் அமெரிக்க அடுப்படிக்குள் ஏறியது. இன்று குஜராத்தில் கபாசியா தேல் என்று வீட்டுக்கு வீடு புழங்குவதும், பல நொறுக்குத்தீனிகள் பொரிபடுவதும் இப்படிச் சுத்திகரித்த எண்ணெயில்தான். அதில் காசிபோல் இல்லை என்று எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதை மறுக்க இடமில்லை. உணவில் கலக்கும் பருத்திக்கொட்டை மாவில் கட்டுப்படாத காசிபோல் பத்து லட்சத்தில் 450 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கா வரம்பே கட்டியிருக்கிறது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் 1950-களின் இறுதியிலிருந்து, சத்துக்குறைவான பிள்ளைகளுக்காகப் பதப்படுத்திய பருத்திக்கொட்டை மாவையும் சோளத்தையும் கலந்து சத்துமாவு தயாரித்து விற்றார்கள். அதற்கும் இந்த மாதிரி வரம்புகளை வைத்துக்கொண்டே மாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது மதுரைக்கு வரலாம். பருத்திப்பால் இல்லாமல் இந்த விஷயத்தைத் தமிழில் பேச முடியாது. பால் சுரக்கும், உடம்புக்கு வலு, சளிக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கிற பானத்தைப் பற்றி இப்படி ஒரு கட்டுரை வந்தால் படிக்கிறவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். பயப்படத் தேவையில்லை. பருத்திப்பால் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். இரவெல்லாம் ஊறிய கொட்டையைக் கழுவி ஆட்டி, தண்ணீர் விட்டுப் பிழிந்து, துணியில் ஒன்றுக்கு இரண்டு முறை வடிகட்டுகிறார்கள். சக்கை மாட்டுக்குப் போகிறது. காசிபோல் தண்ணீரில் கரையாது என்பது முதல் காப்பு. பிறகு அந்தப் பாலை அண்டாவில் ஊற்றிக் கொதிக்கக் கொதிக்கக் கிண்டுகிறார்கள். அரிசி மாவு சேர்த்துக் கெட்டியாகும்வரை, பச்சை வாடை போகும்வரை. அதற்குப் பிறகே கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும். பச்சை வாடை போகணும் என்று சொல்லிக்கொடுத்த கிழவிக்கு வேதியியல் தெரியாது; விதையோடு புழங்கிய அனுபவம் இருந்தது. மேலும் அது என்றோ ஒரு மாலை குடிக்கிற ஒரு டம்ளர். சீனத்துக் கிராமங்களில் நடந்தது மூன்று வேளைச் சமையலும் பச்சை எண்ணெயில், ஆண்டுக்கணக்கில்.

ஆனால் கொதிக்கிற நேரத்தைக் குறைத்தால்? வடிகட்டாமல் மொத்தமாக அரைத்துக் குடித்தால்? இங்கேதான் கவலை தொடங்குகிறது.

பச்சை என்றால் நல்லதா?

இப்போது எதையும் சூடுபடுத்தினால் சத்து போய்விடும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பச்சைக் காய்ச்சாறு, முளைகட்டிய தானியம், சூடு காட்டாத எண்ணெய், ஊறவைத்து அரைத்தால் போதும் என்கிற தாவரப் பால்கள். பாலுக்கு மாற்றாகப் பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் வந்துவிட்டன. பருத்திப்பாலும் உடனடிப் பொடியாகப் பாக்கெட்டில் வந்துவிட்டது. அந்தப் பொடிக்கு எத்தனை நேரம் சூடு பட்டது, சக்கை பிரிந்ததா இல்லையா என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெந்நீரில் கலக்கிக் குடித்தால் போதும் என்று எழுதியிருந்தால் அந்தச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது வீண் பயம் இல்லை என்று தெரியும். பருத்தி விதைப் பருப்பில் காசிபோல் எடைக்குச் சுமார் ஒரு சதவீதம் இருக்கிறது. சில ரகங்களில் அதற்கும் மேல். அப்படியானால் இரண்டு கிராம் பச்சைப் பருப்பில் 20 மில்லிகிராம். சீனத்தில் எட்டாயிரம் ஆண்களுக்குத் தினமும் கொடுத்த மாத்திரையின் அளவும் அதுதான். இரண்டு கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தாது பலத்துக்கு என்று சொல்லித் தினமும் ஒரு கரண்டி பச்சைப் பருத்திக்கொட்டைப் பொடியைத் தேனில் குழைத்து ஒருவர் தின்றால், எதற்காகத் தின்கிறாரோ அதற்கு நேர்மாறான வேலையை அது செய்யக்கூடும். அவருக்கோ வெளியில் எந்த மாற்றமும் தெரியாது.

மரச்செக்கு எண்ணெயை விரும்புகிறவர்கள் இதைப் படித்துக் கோபப்படலாம். அவர்கள் வாங்கும் கடலை, எள், தேங்காய் எண்ணெய்களில் காசிபோல் கிடையாது, அவற்றில் இந்த ஆபத்தும் இல்லை. ஆனால் செக்கில் ஆட்டினால் எல்லாம் நல்லது என்ற ஒரே அளவுகோலைப் பருத்திக்கொட்டைக்கும் நீட்டிவிடக் கூடாது. சுத்திகரிப்பு என்ற சொல்லே கெட்டவார்த்தையாகிவிட்ட காலத்தில் அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விதையைப் பொறுத்தவரை சுத்திகரிக்காத எண்ணெய்தான் ஒரு கிராமத்தைப் பத்து ஆண்டுகள் பிள்ளையில்லாமல் வைத்தது.

சமையலில் ஒரு படியை வெட்டிவிட்டு ஊரே நோயில் விழுந்த கதை பருத்தியோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் கசப்பு மரவள்ளியை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அந்த ஊறலில் சயனைடு வெளியேறும். காங்கோவின் பாண்டுண்டு பகுதிக்குத் தலைநகரிலிருந்து நல்ல சாலை போட்டார்கள். மரவள்ளிக்குச் சந்தையில் கிராக்கி ஏறியது. சீக்கிரம் அனுப்பினால் சீக்கிரம் காசு. பெண்கள் மூன்று நாள் ஊறலை ஒரே நாளாகக் குறைத்தார்கள். அந்த ஊர்களில் பிள்ளைகளும் இளம் தாய்மார்களும் ஒரே நாளில் கால் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். விறைத்த கால் பிறகு நிமிர்வதே இல்லை. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலாவில் வறட்சி வந்தபோது பசியின் அவசரத்தில் இதே தவறு நடந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முடமானார்கள். பசியோ, சந்தையோ, விறகுச் செலவோ, ஆரோக்கிய மோகமோ, காரணம் எதுவானாலும் முதலில் வெட்டுப்படுவது ஊறவைப்பதும் வேகவைப்பதும்தான். எதற்காகச் செய்கிறோம் என்று எழுதிவைக்காத வேலைகள் அவை.

விதையையே மாற்றிவிடலாம் என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். சுரப்பியே இல்லாத பருத்தியை 1950-களில் அமெரிக்காவில் கண்டுபிடித்து வளர்த்தார்கள். விஷம் இல்லாத செடியைப் பூச்சிகளும் எலிகளும் விட்டுவைக்கவில்லை. டெக்சாஸில், இந்தியாவில் பிறந்த ஒரு விஞ்ஞானியின் குழு, விதையில் மட்டும் காசிபோல் உருவாகாமல் தடுத்து, இலையிலும் தண்டிலும் அதை விட்டுவைக்கும் மரபணு உத்தியை 2006-இல் வெளியிட்டது. இலைக்குப் பாதுகாப்பு, விதை உணவுக்கு. அமெரிக்காவில் 2018-இல் அதைப் பயிரிடவும், 2019-இல் மனிதர் உண்ணவும் அனுமதி கிடைத்தது. உலகில் ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் விளையும் பருத்தி விதையில் இருக்கும் புரதம் ஐம்பது கோடிப் பேரின் தேவைக்குப் போதும் என்று அந்தக் குழு கணக்குச் சொன்னது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் கொட்டையில் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணுக்கும் பங்கு உண்டு. விந்தணுச் சோதனைக்குப் போகிற ஆண்களிடம் புகையிலை, மது பற்றிக் கேட்பார்கள். பொடி, லேகியம் பற்றி அவர்களாகவே சொன்னால் நல்லது: பாக்கெட்டையே எடுத்துப்போய்க் காட்டலாம், எத்தனை மாதமாகச் சாப்பிட்டார் என்பதையும் சேர்த்து. எண்ணிக்கை குறைந்திருந்து, பச்சைப் பருத்திக்கொட்டை சேர்ந்த எதையாவது தின்றிருந்தால், அதை அன்றே நிறுத்திவிட வேண்டும். மறு சோதனைக்கு அடுத்த வாரமே ஓடிப் பயனில்லை. 74 நாள் ஆக வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் புதிதாக உருவான விந்தணுக்களின் எண்ணிக்கை தெரியும். இடையில் காரணமில்லாமல் கைகால் துவண்டால் பொட்டாசியம் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.